14 மணி நேரத்தை ஒரு நொடியில் ஓட்டினால் அது சோதனையா?

கோத்தகிரி மேடு:
இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இலை வாட்டும் தொட்டிகளுக்கு நிரல் எழுதுகிறேன். கொழுந்தைப் பரப்பியதும் விசிறி ஓடும். 14 மணி நேரத்தில் நின்று, மேஸ்திரியின் கைப்பேசிக்குச் செய்தி போகும். இதைச் சோதிக்க விடிய விடிய யார் உட்கார்ந்திருப்பது? ஜெஸ்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சோதனைக் கருவியின் போலி டைமரைப் போட்டுக் கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுகிறேன். டீ ஆறுவதற்குள் எல்லாச் சோதனைகளும் முடிந்துவிடுகின்றன. இது ஏமாற்று வேலை என்கிறார் என் கூட்டாளி. உங்கள் கருத்து என்ன?

மஞ்சூர் மழை:
கூட்டாளி பக்கம்தான் நான். ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்பதாவது மணி நேரத்தில் கணினி அணைந்து மீண்டும் எழுந்தால், நினைவகத்தில் இருந்த உங்கள் டைமர் எங்கே? போலிக் கடிகாரத்துக்குக் கரண்ட் போவதே கிடையாது தம்பி.

கோத்தகிரி மேடு:
அண்ணா, அது டைமரின் குற்றமா? விசிறியை நிறுத்த வேண்டிய நேரத்தைத் தரவுத்தளத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சோதனையில் கடிகாரத்தை 9 மணி நேரம் தள்ளுகிறேன், நிரலைக் கொல்கிறேன், இன்னும் 2 மணி நேரம் தள்ளிப் புதிதாகத் தொடங்குகிறேன். மீதி 3 என்று வருகிறது. உண்மைக் கடிகாரத்தில் இதை ஒரு நாளைக்கு ஒரு முறை பார்க்கலாம். எனக்கு ஒவ்வொரு முறை கோப்பைச் சேமிக்கும்போதும் பார்க்க வேண்டும்.

லவ்டேல் வளைவு:
நடுவில் ஒன்று. செய்தி அனுப்பும் பகுதியில் அவெய்ட் (ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் கட்டளை) இருக்கிறதா? கடிகாரத்தைச் சட்டென்று தள்ளினால் டைமர் கிளம்பிவிடும். ப்ராமிஸுக்குப் பின்னால், அதாவது அந்த வேலையின் விடைக்காக, காத்திருக்கும் வரிகள் அதற்குள் ஓடியிருக்காது. 'செய்தி போனதா' என்ற சோதனை விழுந்தால் நல்லது, தெரிந்துவிடும். 'இரண்டாம் முறை போகவில்லையே' என்ற சோதனை பொய்யாகத் தேறுவதுதான் ஆபத்து. ஜெஸ்ட் 29.5இல் காத்திருந்து தள்ளும் வகை வந்திருக்கிறது, அதை எடுங்கள். உண்மை டைமரைத் திருப்பி வைக்க மறந்தால் அதே கோப்பில் அடுத்து வரும் சோதனை 5 நொடி தொங்கிவிட்டு விழும். அதில் ஒரு மதியமே எனக்குப் போயிருக்கிறது.

மஞ்சூர் மழை:
பார்த்தீர்களா, போலியைப் பராமரிக்கவே தனிப் படிப்பு வேண்டும். அமைப்புக் கோப்பில் 14 மணி நேரத்தை 14 நொடியாக்கி உண்மை டைமரிலேயே ஓட்டுங்கள்.

கோத்தகிரி மேடு:
உண்மை டைமர் 'இதற்கு முன் கிளம்பமாட்டேன்' என்று மட்டும்தான் வாக்களிக்கிறது. கணினிக்கு வேலை அதிகமானால் 14 நொடி 15 ஆகும், சோதனை விழும், திரும்ப ஓட்டினால் தேறும். இரண்டு வாரத்தில் 'சோதனை விழுந்தது' என்று காட்டும் அந்தச் சிவப்பை யாரும் மதிக்கமாட்டார்கள். தவிர, போலி ஒன்றும் அசட்டுப் போலி அல்ல. விசிறிக்கு கிரீஸ் போட 30 நாள் நினைவூட்டல் வைத்தேன். டைமரின் உச்சவரம்பு 2147483647 மில்லிநொடி, ஏறக்குறைய 24.8 நாள். அதைத் தாண்டினால் உடனே கிளம்பிவிடும். போலியும் அப்படியே கிளம்பிக் காட்டிக்கொடுத்தது.

மஞ்சூர் மழை:
உண்மை டைமரும் அதே நொடியில் காட்டிக்கொடுத்திருக்கும். இதில் போலிக்கு என்ன பெருமை?

குன்னூர் கொழுந்து:
நிரல் எனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் வாட்டப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தம்பி, மீதி 3 என்கிறீர்களே, கரண்ட் இல்லாத 2 மணி நேரம் விசிறி ஓடவே இல்லையே! மீதி 5 அல்லவா? அதுவும் குறைந்தபட்சம்தான். காற்றில்லாமல் கிடக்கும் இலை சூடேறிச் சிவக்கத் தொடங்கியிருக்கும், முதலில் கிளறிவிட வேண்டும். மழை இலைக்கு 14 மணி நேரமும் போதாது. ஒரு கை அள்ளிப் பிடித்துத் திறந்து பார்ப்போம். உருண்டை உதிராமல் நின்றால் வாட்டம் சரி. எந்தக் கடிகாரமாக இருந்தால் என்ன, தப்பான எண்ணை எழுதிவைத்துச் சரிபார்த்தால் தப்பு சரியென்றுதானே வரும்?

மஞ்சூர் மழை:
அக்கா சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். என் 14 நொடிச் சோதனையிலும் அதே 3தான் வந்திருக்கும்.

கோத்தகிரி மேடு:
அக்கா, சோதனையில் 3ஐ 5 ஆக்கினேன். உடனே சிவப்பு. ஓடிய நேரத்தைத் தனியாகக் கூட்டிவைக்கும்படி இன்று இரவு மாற்றுகிறேன். தொட்டிப் பக்கத்தில் 'இன்னும் 1 மணி நேரம்' என்று ஒரு பொத்தானும் வைக்கிறேன், மேஸ்திரி கையால் பார்த்து அழுத்தட்டும். போலி டைமரை மட்டும் எடுக்கமாட்டேன், மழை அண்ணா.