ஓகஸ்ற் லீவுக் காம்ப்: உங்களுக்கு இப்பவும் நினைவில நிக்கிறது என்ன?

உடுவில்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். என்ர மகளுக்கு 13 வயசு, வாற ஓகஸ்ற் லீவில சேர்ச் யூத் காம்புக்குப் பேர் குடுத்திருக்கிறாள், நாலு நாள். போன ஞாயிறு போம் நிரப்பிக்கொண்டு இருக்கேக்க அம்மா குசினிக்குள்ள இருந்து கேட்டுட்டு கையில கரண்டியோட ஓடி வந்து "எந்தக் காம்ப்? பிள்ளை ஏன் காம்புக்குப் போகோணும்?" எண்டா, முகமெல்லாம் வெளிறிப் போச்சு. மகளுக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்கினது. எங்கட ஊரில காம்ப் எண்டா ஆமிக் காம்ப், நேவிக் காம்ப், அகதிக் காம்ப், பிள்ளையள் வீட்டில சொல்லாமல் கொள்ளாமல் போன காம்ப். அம்மாவை இருத்திப்போட்டு "அம்மா, இது நான் 94ல போன மாதிரிக் காம்ப்" எண்டு சொல்ல, கொஞ்சம் யோசிச்சிட்டு "ஓ, நீ சைக்கிளில போனதோ" எண்டு கேட்டா, பிறகுதான் மூச்சு வந்தது.

எனக்கும் அப்ப 13 தான். உடுவிலில இருந்து கோப்பாய், கைதடி தாண்டி சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வரிசையா சைக்கிளில போனம், கரியரில பாயும் தலாணியும், ஹாண்டிலில அரிசிப் பை, ஏனெண்டா ஒவ்வொருத்தரும் ஒரு கொத்து அரிசி கொண்டு வரோணும் எண்டு சொன்னவை. பொருளாதாரத் தடை காலம், பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சோப்பு யானை விலை. போதகர் ஐயா முன்னுக்கு மண்ணெண்ணெயில ஓடுற மோட்டச்சைக்கிளில போக, அந்தப் புகைக்குப் பின்னால நாங்கள் பாடிக்கொண்டு போனம். கரண்ட் எண்டதையே மறந்திருந்த நேரம். ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைச்சு, கொஞ்சமா எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள்ளால திரி இழுத்துச் செய்யிற விளக்குத்தான், மண்டபம் முழுக்க பத்துப் பன்னிரண்டு அப்பிடி எரியும். ரெண்டாம் நாள் ராத்திரி பாடிக்கொண்டு இருக்கேக்க தூரத்தில பிளேன் சத்தம் கேட்டுது, அக்காமார் ஒண்டும் பேசேல்லை, ஒவ்வொரு போத்தலா ஊதி நூத்துக்கொண்டு வந்திச்சினம், கடைசி விளக்கும் நூந்த பிறகு ஆர் எங்க இருக்கினம் எண்டே தெரியாத இருட்டு. ஒருத்தரும் பாட்டை நிப்பாட்டேல்லை. சத்தத்தை மட்டும் குறைச்சம். பக்கத்தில இருந்த ஆரோ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவை, அது ஆர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

அடுத்த வருசம் 1995 ஒக்ரோபர் 30, சண்டையால யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்த அண்டு, அதே கைதடி றோட்டால மழைக்குள்ள நடந்தம். எத்தினை மணித்தியாலம் எண்டு கணக்கில்லை. கடைசியா ஒதுங்க இடம் கிடைச்சது அதே பள்ளிக்கூடம், நான் பாட்டுப் படிச்ச அதே மண்டபம், கால் வைக்க இடமில்லாமல் சனம். அம்மா தண்ணிக்குத் தவிச்சுப் போனா. நான் அவவின்ர கையைப் பிடிச்சு இருட்டுக்குள்ளால பின் பக்கம் கூட்டிக்கொண்டு போனன், முருங்கை மரம், அதுக்கங்கால துலாக் கிணறு, கட்டில ஒரு பக்கம் உடைஞ்சிருக்கும் கவனமம்மா எண்டு சொல்லிச் சொல்லி. "உனக்கெப்பிடித் தெரியும்" எண்டு கேட்டா. "காம்பில தண்ணி அள்ளினனான் தானே" எண்டன்.

இதை மகளுக்கு இப்பத்தான் முதல் தரம் சொன்னன். அவள் "வேற ஆக்களின்ர காம்ப் எப்பிடி இருந்தது" எண்டு கேக்கிறாள். அதான் இஞ்ச எழுதுறன். எந்த வருசம், எவடம், என்ன நினைவு எண்டு எழுதுங்கோ, அவளுக்கு வாசிச்சுக் காட்டுறன்.

கோவளத்துக்_காத்து:

தங்கச்சி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன், கிணத்தடியில வந்து ரெண்டு தரமும் நிண்டிட்டன்.

நான் உங்களுக்கு முந்தின ஆள். 1979, எனக்கு 16, காரைநகர் கசூரினாக் கடற்கரை. வட்டுக்கோட்டையில சேர்ந்து பஸ்ஸில பொன்னாலைப் பாலத்தால போனது, ரெண்டு பக்கமும் முழங்காலளவு தண்ணியில கொக்கு நிக்கும். சவுக்கு மரங்களுக்குக் கீழ ரெண்ட் அடிச்சம். அந்தக் கடலில அலை பெரிசா இல்லை, எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல தண்ணி வராது, அதாலதான் வீட்டுக்காரர் பயமில்லாமல் விட்டவை. விடியப்புறம் ஆறு மணிக்கு பெல் அடிச்சா ஒவ்வொருத்தரும் வேதப் புத்தகத்தோட தனித்தனிய போய் கடலைப் பாத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருக்கோணும், கதைக்கக் கூடாது. பதினாறு வயசுப் பெடியன் அரை மணித்தியாலம் கதைக்காமல் இருந்தது வாழ்க்கையில அதுதான் முதல் தரம். முதல் நாள் கொட்டாவி விட்டன். மூண்டாம் நாள் பெல்லுக்கு முதலே எழும்பிப் போனன்.

நாங்கள் 1816ல வந்த அமெரிக்கன் மிஷன் வழிச் சபை, 1947ல தென்னிந்திய திருச்சபையாச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்துக்கு முதல் பிஷப்பா இருந்த சபாபதி குலேந்திரன் ஐயா ஓய்வு பெற்று அப்ப ஒன்பது வருசம், ஆனா எங்கட லீடர்மார் அவரைக் கேட்டு வளந்த ஆக்கள், காம்பில பிரசங்கம் எண்டாலும் செபம் எண்டாலும் வடிவான தமிழில இருக்கோணும் எண்டு நிண்டவை. நான் இண்டைக்கும் தமிழில செபிக்கிறனெண்டா அந்த மணலில பழகினதுதான்.

கடைசி இரவு கூழ். விடியவே கரைக்கு வாற வள்ளத்தில நண்டும் இறாலும் ஓரா மீனும் வாங்கி, ஒடியல் மாவைக் கரைச்சு, பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு பெரிய கிடாரத்தில காச்சினது. சமைக்க வந்த அப்பு எங்களுக்கு பனை ஓலையில கூழ் குடிக்கிற பிளா கோலப் பழக்கினார். என்ர முதல் பிளா ஒழுகிச்சு. அவர் ஒண்டும் சொல்லாமல் அதை வாங்கி, மடிப்பைப் பிரிச்சு, என்ர விரலைப் பிடிச்சு அதே இடத்தில திருப்பி மடிக்க வைச்சவர். பச்சை ஓலை மணமும் கூழின்ர உறைப்பும் சேர்ந்து வாற அந்த வாசம் இப்ப நான் இருக்கிற ஸ்காபறோவில எங்க போய்த் தேட.

1991க்குப் பிறகு அந்தப் பக்கம் நேவியிட்டப் போச்சு. என்ர தம்பியவைக்கு அந்தக் கடற்கரை கிடைக்கேல்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

நல்லூர்_வடக்கு_வீதி:

நான் சைவம். ஆனாலும் எழுதோணும் போல கிடக்கு.

2004 ஓகஸ்ற், ஓஎல் எடுக்கிற வருசம், என்ர உயிர் சிநேகிதி சேர்ச் காம்புக்குப் போறாள், நானும் வாறன் எண்டு வீட்டில ஒரு கிழமை நிண்டு பிடிச்சன். அம்மா கடைசியா ஓமெண்டா, ஒரே ஒரு சொல்லுத்தான், "நல்லூர்த் திருவிழா நடக்குது, மச்சம் வாயில வைக்கக் கூடாது". எங்கட வீட்டில கொடி ஏறினா 25 நாளும் மரக்கறிதான், மீன் சட்டி பரணில ஏறிடும். நான் போய் அங்க பொறுப்பா இருந்த அன்ரியிட்ட கூச்சத்தோட சொன்னன், எனக்கு சோறும் பருப்பும் காணும் அன்ரி எண்டு. அவ தலையைத் தடவிப்போட்டுப் போட்டா. மத்தியானம் பந்தியில இருந்து பாத்தா எல்லாருக்கும் மரக்கறி. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, அப்பளம். இரவும் அப்பிடித்தான், அடுத்த நாளும் அப்பிடித்தான். கிட்டத்தட்ட அறுவது பிள்ளையள் எனக்காக மூண்டு நாள் மீன் சாப்பிடேல்லை, ஒருத்தரும் அதை என்னட்ட சொல்லிக் காட்டவும் இல்லை. திரும்பி வந்து பிறகுதான் சிநேகிதி சொன்னவள், வாங்கி வைச்ச மீனை அன்ரி பக்கத்து வீட்டுக்குக் குடுத்தவ எண்டு.

அம்மாவிட்ட சொன்னன். அவ ஒண்டும் கதைக்கேல்லை. தேர் முடிஞ்ச அண்டு மோதகமும் வடையும் சுட்டு ஒரு பெரிய பெட்டி நிறைய அந்த அன்ரி வீட்டை குடுத்துவிட்டவ. பிறகு ஒவ்வொரு வருசமும் போகும், நத்தாருக்கு அங்க இருந்து கேக் வரும்.

நான் சமயம் மாறேல்லை, மாறச் சொல்லி ஒருத்தரும் கேக்கவும் இல்லை. ஆனா நான் நல்ல மனிசி ஒருத்தியைக் கிட்ட இருந்து பாத்தது அங்கதான்.

மானிப்பாய்_பெடியன்_87:

அக்கா நான் 2003. யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 றோட்டுத் திறந்து அடுத்த வருசம். எங்கட சேர்ச்சில இருந்து 14 பேர் நுவரெலியாவுக்கு காம்ப் போனம், முகமாலையில ஒருக்கா ஓமந்தையில ஒருக்கா பாக்கை முழுக்கக் கொட்டிச் செக் பண்ணி, ஒரு பகலும் ஒரு இரவும் பஸ்ஸில. எனக்கு 16, அதுவரைக்கும் யாழ்ப்பாணம் தாண்டினதில்லை. யாழ்தேவி 90ல நிண்டது, எனக்கு அப்ப 3 வயசு, அதால ரயிலைப் படத்தில மட்டும்தான் தெரியும். ரெண்டாம் நாள் எங்களை நானுஓயா ஸ்ரேசனுக்கு நடத்திக்கொண்டு போனவை, சும்மா பாக்க எண்டுதான். தூரத்தில மலைக்குள்ளால சத்தம் வரத் தொடங்கேக்கையே எங்கட 14 பேரும் கதையை நிப்பாட்டிட்டம். அது வந்து நிண்டு, ஆக்கள் இறங்கி ஏறி, திரும்பப் போய் மறையும் வரைக்கும் அப்பிடியே நிண்டம். மலையகப் பெடியள் எங்களைப் பாத்துச் சிரிக்கேல்லை. ஒருத்தன் கிட்ட வந்து "இன்னும் ஒரு மணி நேரத்துல இன்னொன்னு வரும், இருந்து பாத்துட்டுப் போவமா" எண்டு கேட்டான். இருந்து பாத்தம்.

குளிர் எண்டா அது குளிர். நாங்கள் சாரமும் ஒரு பெட்சீற்றும் கொண்டு போன ஆக்கள். என்ர ரூமில ஒரு சிங்களப் பெடியன், எனக்குச் சிங்களம் வராது அவனுக்குத் தமிழ் வராது, முதல் இரவு நான் நடுங்குறதைப் பாத்திட்டு தன்ர ஸ்வெற்றரைக் கழட்டி என்ர கட்டிலில எறிஞ்சுபோட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டான். நான் திருப்பிக் குடுக்கப் போக வாங்கேல்லை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வந்தன், இந்த வெக்கையில போடேலாது, ஆனா இருக்கு. மட்டக்களப்புப் பெடியன் ஒருத்தனோட 2006 ஓகஸ்ற்றில பாதை பூட்டும் வரைக்கும் கடிதம் எழுதினனான். பிறகு விட்டுப்போச்சு. அவன் இப்ப எங்க, எப்பிடி எண்டு அடிக்கடி நினைக்கிறனான்.

உடுவில்_மகள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மகளுக்கும் அம்மாவுக்கும் எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். நல்லூர்த் தங்கச்சி எழுதினதுக்கு அம்மா "அது பெரிய மனசு" எண்டா, கோவளத்து அண்ணை, கூழில ஓராவோட கொஞ்சம் திருக்கையும் போட்டிருக்கோணும் எண்டு உங்களுக்குச் சொல்லச் சொன்னவ. தம்பி, மகள் கேக்கிறாள், ரெண்டாவது ரயில் எந்தப் பக்கம் போனதாம்?

மானிப்பாய்_பெடியன்_87:

பதுளைப் பக்கம் அக்கா. முதலாவது கொழும்புக்கு.

சின்னண்ணை_யூத்:

நான் இப்ப ஒரு சபையில காம்ப் நடத்துற ஆள், ஒரு தகப்பனும் கூட. அக்கா, அம்மாவிட்டச் சொல்லுங்கோ, இப்பவும் பிள்ளையள் ஒரு கொத்து அரிசி கொண்டு வரோணும் எண்டு நாங்கள் கேக்கிறனாங்கள், கடையில வாங்கேலும்தான், ஆனாலும் விடேல்லை. போனை முதல் நாள் வாங்கி வைப்பம், முதல் இரவு கொஞ்சப் பேர் அழுவினம், அது உண்மை, மகளுக்கு இப்பவே சொல்லி வையுங்கோ. கடைசி இரவு அரை மணித்தியாலம் எல்லா லைற்றையும் நூத்துப்போட்டுப் பாடுறது எங்கட வழக்கம், எனக்கு முதல் நடத்தின ஆக்கள் பழக்கினது. ஏன் அப்பிடிச் செய்யிறது எண்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. உங்கட பதிவை வாசிச்ச பிறகு எனக்கு நித்திரை வரேல்லை. இந்த வருசம் பிள்ளையளுக்கு அந்த ஜாம் போத்தலைப் பற்றிச் சொல்லலாமோ?

உடுவில்_மகள்:

சொல்லுங்கோ தம்பி, கட்டாயம் சொல்லுங்கோ. ஏலுமெண்டா ஒண்டைச் செய்தே காட்டுங்கோ, திரி சரியா இழுபடாட்டி புகைக்கும், அம்மாவுக்கு அதின்ர பக்குவம் தெரியும், கேட்டு எழுதிவிடுறன்.

அம்மா இண்டைக்கு மருதனார்மடம் சந்திக்குப் போய் மகளுக்கு ஒரு ரோச் லைற் வாங்கிக்கொண்டு வந்தவ. பற்றறி ரெண்டு போதும். எட்டு வாங்கியிருக்கிறா, மேசையில வரிசையா அடுக்கி வைச்சு ஒவ்வொண்டாப் போட்டு எரியுதோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறா.