உதவி தேவை: 19 நாள் பின்னூட்டங்கள் போய்விட்டன; இனி எந்தக் காப்புப்பிரதியை நம்புவது?

பட்டர்வொர்த் தோட்டத்துப் பெண்:

வணக்கம். செபராங் பிறைப் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களின் படங்களையும், அங்கே பால் வெட்டிய முதியவர்களின் குரல் பதிவுகளையும் சேர்த்து நாங்கள் நால்வர் ஓர் இணையத்தளம் நடத்துகிறோம். வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் இயங்குகிறது. படமும் ஒலியும் சேர்ந்து 14 ஜிபி. எழுத்துகளும் பின்னூட்டங்களும் இருக்கும் தரவுத்தளம் 180 எம்பிதான்.

சென்ற மாதம், தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தில் வட்டு பழுதானது. நாள்தோறும் காப்புப்பிரதி எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மீட்டுத் தந்ததோ 19 நாள் பழைய பிரதி. படங்கள் என் கணினியிலும் இருந்ததால் மறுபடி ஏற்றிவிட்டேன். பின்னூட்டங்களுக்குத்தான் வழியில்லை. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் இடத்தில், வரிசையாக நிற்கும் பெண்களின் படம் ஒன்று உண்டு. அதன் கீழே ஒருவர், "இடமிருந்து மூன்றாவது என் அப்பாயி" என்று தொடங்கி, அவர் பெயர், குடியிருந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), பக்கத்தில் நிற்கும் இருவரின் பெயர் எல்லாம் எழுதியிருந்தார். அதுவரை அந்தப் படத்தில் எவருக்கும் பெயர் இல்லை. நாளை குறித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இன்று ஒரு பெயர்கூட முழுதாக நினைவில் இல்லை.

முன்பிருந்த தன்னார்வலர் எழுதிக்கொடுத்த நிரல் ஒன்று, ஞாயிறுதோறும் தரவுத்தளத்தின் பிரதியை என் கூகுள் டிரைவில் போடுகிறது. கடைசிப் பத்துப் பிரதிகள் அங்கே இருக்கின்றன. எப்படித் திறப்பது என்று தெரியாததால் தொட்டதில்லை. அதிலிருந்து மீட்க முடியுமா? இனிமேலுக்கு எது நல்லது: வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரலான செருகுநிரலா, நிறுவனத்தின் கட்டணச் சேவையா, வீட்டு ஹார்ட் டிஸ்க்கா? மாதம் 30 ரிங்கிட்டுக்கு மேல் எங்களால் முடியாது.

பிரிக்பீல்ட்ஸ் மாணவன்:

அக்கா, கணினியில் இருக்கும் கோப்புறையை கூகுள் டிரைவோடு ஒத்திசைத்துவிடுங்கள். எல்லாம் தானாக மேலே போய்விடும். 15 ஜிபி வரை இலவசம்.

செந்தூல் சர்வர்காரன்:

தம்பி, ஒத்திசைவு வேறு, காப்புப்பிரதி வேறு. இங்கே ஒரு கோப்பை அழித்தால் ஒத்திசைவு அங்கேயும் அழித்துவிடும். கெட்டுப்போன கோப்பையும் அதே வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த 15 ஜிபியை ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் சேர்ந்தே பங்கிட்டுக்கொள்கின்றன. 14 ஜிபியை அதில் வைத்தால் மூச்சுவிட இடமிருக்காது.

அம்மா, உங்கள் தளத்தில் இரண்டு வகைப் பொருள் இருக்கிறது. ஒலியும் படமும் ஒருமுறை ஏறினால் மாறுவதில்லை. பின்னூட்டங்கள் நாள்தோறும் மாறுகின்றன. அவை தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கின்றன. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் மூட்டை பெரிதாகி, பாதியில் அறுந்து, கடைசியில் எதுவும் நடக்காது. பிரித்துவிடுங்கள். 180 எம்பி தரவுத்தளம் சுருக்கினால் பெரும்பாலும் 30 எம்பிக்குள் வந்துவிடும். ஏழு நாட்பிரதி, நான்கு வாரப்பிரதி, பன்னிரண்டு மாதப்பிரதி என்று 23 வைத்தாலும் 700 எம்பிதான். பழைய பிரதிகள் வேண்டுமா என்று கேட்காதீர்கள். யாராவது தளத்துக்குள் புகுந்து சிதைத்ததை ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால், நேற்றைய பிரதியிலும் அதே சிதைவுதான் இருக்கும்.

தரவுத்தளத்துக்கு அப்டிராஃப்ட்பிளஸ் செருகுநிரலின் இலவசப் பதிப்பே போதும். நாள்தோறும் எடுத்து கூகுள் டிரைவுக்கு அனுப்பும். ஒரு கவனம்: வேர்ட்பிரஸின் கால அட்டவணை யாராவது தளத்துக்கு வரும்போதுதான் விழித்துக்கொள்ளும். ஆள் வராத இரவில் வேலை தள்ளிப்போகும். ஹோஸ்டிங் பலகத்தில், குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கிரான் வசதி இருந்தால் அதை வைத்து எழுப்பிவிடுங்கள். 14 ஜிபி கோப்புகளைச் செருகுநிரலிடம் கொடுக்க வேண்டாம். அவற்றை ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவி மூலம் உங்கள் வீட்டுக் கணினியிலிருந்து இழுங்கள். புதியவை மட்டும் இறங்கும். எல்லாப் பிரதிகளையும் சர்வரே வெளியே தள்ளினால், அவற்றின் சாவியும் சர்வரிலேயே கிடக்கும். புகுந்தவன் அவற்றையும் அழிப்பான். வீட்டிலிருந்து இழுத்தால் அந்தப் பயம் இல்லை. டிரைவில் சேரும் தரவுத்தளப் பிரதிகளையும் வாரம் ஒருமுறை அதே டிஸ்க்கில் இறக்கிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் கட்டணச் சேவையைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தழிந்தது. காப்புப்பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்து இரண்டையும் இழந்தவர்கள் உண்டு. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி இதற்குத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோப்பைத் திறந்து பாருங்கள். சுருக்கத்தைப் பிரித்து, நோட்பேடில் திறந்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள்.

ஜெலுத்தோங் வாசகி:

ஒன்று மட்டும் சொல்கிறேன். 2017 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுதும் தண்ணீர். கணினியும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாக மூழ்கின. அப்பாவின் திருமணப் படம் அதில்தான் இருந்தது. இரண்டாவது டிஸ்க்கை வேறு வீட்டில், மாடியில் வையுங்கள்.

பட்டர்வொர்த் தோட்டத்துப் பெண்:

திறந்து பார்த்தேன், அண்ணன். பெயர் வர வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. "அப்பாயி" என்று தேடினால் எதுவும் இல்லை. ஆங்கில எழுத்தும் எண்களும் ஒழுங்காக இருக்கின்றன. தமிழ் மட்டும் இல்லை. பத்துப் பிரதிகளும் இப்படித்தான். மூன்று ஆண்டுகளாக இதை நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம். தளத்தில் தமிழ் சரியாகத்தானே தெரிகிறது?

செந்தூல் சர்வர்காரன்:

தளத்தில் தெரியும், அம்மா. தரவுத்தளத்தோடு எந்த எழுத்துக்குறியீட்டில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) பேசுவது என்பதை வேர்ட்பிரஸ் முதலிலேயே சொல்லிவிடுகிறது. அந்த நிரல் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், தரவுத்தளத்தை நடத்தும் மைஎஸ்கியூஎல் மென்பொருளின் பழைய அமைப்புகள் லத்தீன்1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துக்குறியீடு என்று எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். ஐரோப்பிய எழுத்துகள் கலந்த குப்பையாகத் தெரிந்திருந்தால் பெரும்பாலும் திருப்பிவிடலாம். கேள்விக்குறியாக எழுதப்பட்டுவிட்டால் அந்தக் கோப்பில் மூலம் இல்லை. நிரலை நிறுத்திவிடுங்கள். புதிதாக எடுக்கும் பிரதி, தமிழுக்கும் இடமுள்ள யுடிஎஃப்8எம்பி4 குறியீட்டில் இருக்க வேண்டும்.

வருந்தாதீர்கள். இது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்களின் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். அவர்களுடைய அன்றாடப் பிரதி எடுக்கும் கருவி, பதிப்பு பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் யாரையும் எட்டவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் எடுத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. மாதம் ஒருமுறை, சொந்தக் கணினியில் வெறும் வேர்ட்பிரஸ் ஒன்றை நிறுவி, அன்றைய பிரதியை அதில் ஏற்றி, பின்னூட்டங்களைக் கண்ணால் படியுங்கள்.

அந்த அப்பாயி பெயருக்கு இன்னொரு வழி தோன்றுகிறது. யாராவது பின்னூட்டம் இட்டால், இடுகையை எழுதியவருக்கு வேர்ட்பிரஸ் மின்னஞ்சல் அனுப்பும். அணைத்து வைக்காவிட்டால் அது இயல்பாகவே நடக்கும். அதில் பின்னூட்டம் முழுதும் இருக்கும், எழுதியவரின் மின்னஞ்சல் முகவரியோடு. அந்தப் படத்தை ஏற்றியவர் நீங்களா?

பட்டர்வொர்த் தோட்டத்துப் பெண்:

நான் இல்லை. நிபோங் தெபாலில் இருக்கும் எங்கள் குழுத் தோழி. நேற்றிரவு அழைத்துச் சொன்னேன். தளத்துக்கென்று திறந்து, பிறகு பார்க்காமலே விட்ட ஒரு மின்னஞ்சல் கணக்கு அவரிடம் இருந்தது. கடவுச்சொல்லை மீட்டு உள்ளே போக நள்ளிரவாகிவிட்டது. அந்த 19 நாட்களுக்குரிய 23 மின்னஞ்சல்கள் அங்கே இருந்தன. பெரட்டுக் களப் படத்துக்கானதும் இருந்தது. தோழி தொலைபேசியில் வாசிக்க வாசிக்க நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மூன்று பெயர்களும் கிடைத்துவிட்டன.

தரவுத்தளப் பிரதி நேற்றிலிருந்து நாள்தோறும் டிரைவுக்குப் போகிறது. இன்று காலை அதை என் மடிக்கணினியில் ஏற்றிப் பார்த்தேன். தமிழ் தமிழாகவே இருக்கிறது. ஒலிப்பதிவுகள் ஹார்ட் டிஸ்க்கில் இறங்கிக்கொண்டிருக்கின்றன, இன்னும் 5 ஜிபி பாக்கி. இரண்டாவது டிஸ்க்கை சனிக்கிழமை தோழியிடம் கொடுக்கிறேன். அவர் வீடு இரண்டாம் மாடியில், ஜெலுத்தோங் அக்கா. பின்னூட்டம் எழுதிய அந்தப் பேரனுக்கும் இன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், அப்பாயியைப் பற்றி இன்னும் சொல்ல முடியுமா என்று கேட்டு.