பதின்ம வயதுப் பிள்ளைகள் எதைப் பார்த்துப் புத்தகம் எடுக்கிறார்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிளை நூலகர், தஞ்சாவூர் மாவட்டம்:

பன்னிரண்டு வருடமாகக் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் நாளிதழ் வாசிக்கும் பெரியவர்கள், பகல் முழுக்கப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், சாயங்காலம் நாலரைக்கு மேல் சீருடையோடு வரும் பிள்ளைகள். இந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி. வந்ததும் நேராகக் கதை அலமாரிக்குப் போவாள். எழுதியவர் யார் என்று பார்க்க மாட்டாள். புத்தகத்தை எடுத்த கையோடு உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைத்தான் பார்ப்பாள். முத்திரை நெருக்கமாக விழுந்திருந்தால் கையிலேயே வைத்துக்கொள்வாள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முத்திரை என்றால் எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகிவிடுவாள். ஒருநாள் கேட்டேவிட்டேன். "நிறைய பேர் எடுத்திருந்தா நல்லாத்தானே மேடம் இருக்கும்" என்றாள். அந்தச் சீட்டில் விழும் முத்திரை எங்களைப் பொறுத்தவரை புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டிய தேதி. அவளுக்கோ, அதே ஊரில் முகம் தெரியாத இருபது பேர் "படிச்சுப் பாரு" என்று சொல்வது மாதிரி.

அதற்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். அட்டையில் சின்னப் பையன் படம் இருந்தால் பத்தாவது பையன் அதைத் தொட மாட்டான். உள்ளே இருக்கும் கதை அவன் வயதுக்கே எழுதியதாக இருந்தாலும் சரி. எங்கள் சிறுவர் பகுதியில் நாற்காலிகள் குட்டையானவை. உயரமான பையன் ஒருவன் அதில் உட்கார்ந்து, முழங்கால் நெஞ்சில் முட்ட ஐந்து நிமிடம் படித்துவிட்டு எழுந்து போனான். அப்புறம் அவன் அந்தப் பக்கமே வரவில்லை. பெரியவர்கள் பகுதியிலும் அவனுக்கு ஒட்டவில்லை. நடுவில் இருக்கும் அந்த ஐந்தாறு வருடத்துக்கு நாம் இடமே வைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

2022 செப்டம்பரில் பொன்னியின் செல்வன் படத்தின் முதல் பாகம் வந்த சமயம், எட்டுப் பத்துப் பையன்கள் கூட்டமாக வந்து நாவலைக் கேட்டார்கள். 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்தது, ஐந்து பாகம், முதலிலிருந்து படித்தால்தான் சுவை என்று விளக்கினேன். அவர்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. படம் கடலில் புயலோடு முடிந்திருந்தது. "அப்புறம் என்ன ஆச்சு மேடம், அது எந்தப் பாகத்துல வருது?" இதுதான் கேள்வி. அடுத்த படம் மறு வருடம்தான் வரும், அதுவரை பொறுக்க முடியாது. இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயங்களைப் பிரித்துக் காட்டினேன். நடுவிலிருந்து படிக்க ஆரம்பித்த அந்தப் பையன்களில் இருவர் பொங்கல் விடுமுறைக்கு முன்னால் முதல் பாகத்தையும் கேட்டு வந்தார்கள். முதலிலிருந்துதான் படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால் ஒருவரும் திரும்பி வந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்ணுடல், மாதவிடாய் பற்றி மருத்துவர் ஒருவர் எழுதிய புத்தகத்தை ஒரு பெண் வேதியியல் வழிகாட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து, மேசையில் அட்டை கீழே படும்படி வைத்தாள். கண் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அதைத் திருப்பவில்லை. பின்னட்டையைத் திறந்து பதிவு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தேன். என்ன புத்தகம் என்று நான் கேட்டிருந்தால், அதை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பாள்.

நூலகப் படிப்பில் நாங்கள் முதலில் படிப்பது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளை. "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்" என்பது அதில் இரண்டாவது விதி. அந்த நூலைத் தேடி எடுத்துக் கையில் கொடுப்பது என் வேலை என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். இந்த வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு நான்கு அடி தள்ளி நிற்பதுதான் பெரிய வேலை. உங்கள் வீட்டில், பள்ளியில் எப்படி என்று எழுதுங்கள்.

தமிழாசிரியர், விருதுநகர் மாவட்டம்:

நல்ல கேள்வி அம்மா. என் வகுப்பில் ஒரு மர அலமாரி, அதில் நூற்றைம்பது புத்தகம் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் படித்த புத்தகத்துக்கு விமர்சனம் எழுதச் சொல்வேன். எல்லோரும் "இக்கதை எனக்கு மிகவும் பிடித்தது" என்று ஒரே மாதிரி எழுதினார்கள். பிறகு மாற்றிச் சொன்னேன்: படிக்காமல் பாதியில் விட்டால் ஏன் விட்டாய் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுது, பெயர் வேண்டாம், மதிப்பெண் கிடையாது.

அந்தச் சீட்டுகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். "பத்து பக்கமா மழையே பெய்யுது." "நாங்க யாரும் இப்படிப் பேச மாட்டோம்." "கடைசியில அப்பா பேச்சைக் கேட்டிருக்கணும்னு முடியும்னு தெரிஞ்சிருச்சு." இந்த மூன்றாவது மாதிரியானதுதான் அதிகம். அறிவுரை வரப்போகிறது என்பதை இவர்கள் மூன்றாம் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். பேய்க்கதை, துப்பறியும் கதை, விளையாட்டு வீரர் வாழ்க்கை எல்லாம் பாதியில் நிற்பதில்லை. அவற்றைத் தரம் குறைந்தவை என்று ஒதுக்குகிற சக ஆசிரியர்களோடு நான் வாதாடாத நாள் இல்லை.

எங்கள் மாவட்டத்துக்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்தது. என் அண்ணன் சேர்த்து வைத்த பழைய இதழ்களில் சிலவற்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பையன், மதிய இடைவேளை முழுக்கச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அதைப் படித்தான். தெரியாத சொல்லுக்குப் படம் பக்கத்திலேயே பதில் சொல்லிவிடுகிறது.

ஒரு அம்மா, கோவை:

சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூலையில் கொடிசியாவில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கு மகளை அழைத்துப் போனேன். அவளுக்குப் பதினைந்து வயது. நான் தேடித் தேடி ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன். அவள் தன் கையிலிருந்த இருநூறு ரூபாயை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் சுற்றி, ஒரே ஒரு புத்தகம் வாங்கினாள். அது இப்போது முனை மடங்கி, டீ கறை பட்டு அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் வாங்கியதில் இரண்டுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை. அடுத்த வருடம் அந்தப் பணத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

பிளஸ் டூ மாணவி:

வணக்கம் மேடம், சார், ஆன்ட்டி. என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் முதல் பக்கத்தைப் படிக்க மாட்டேன். நடுவில் எங்கேயாவது திறந்து ஒரு பக்கம் படிப்பேன். முதல் பக்கத்தை எல்லோரும் கவனமாக எழுதியிருப்பார்கள். நடுவில்தான் அவர்கள் நிஜமாக எப்படி எழுதுவார்கள் என்று தெரியும். அந்தப் பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் எடுத்துக்கொள்வேன்.

போனில் பிரதிலிபி என்ற கதைச் செயலியிலும் படிப்பேன். அங்கே பிடித்த காரணமே கீழே மற்றவர்கள் எழுதும் கருத்துகள்தான். நான் அழுத அதே அத்தியாயத்துக்கு வேறு யாரோ அழுததாக எழுதியிருந்தால் தனியாக இல்லை என்று தோன்றும். மேடம் சொன்ன தேதிச் சீட்டைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சார் சொன்ன மாதிரி அறிவுரை பிடிக்காதுதான். ஆனால் சந்தோஷமான கதைதான் வேண்டும் என்று இல்லை. எங்கள் தாத்தா இறந்தபோது வீட்டில் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை, தேர்வு நேரம் என்று. அப்போது நான் தேடித் தேடி எடுத்ததெல்லாம் யாராவது இறந்துபோகும் கதைகள். "ஏன் இப்படிச் சோகமா படிக்கிற" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம்.

கிளை நூலகர், தஞ்சாவூர் மாவட்டம்:

கண்ணு, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

திரும்பி வரும் புத்தகங்களை உடனே அலமாரியில் அடுக்காமல், ஜன்னல் ஓரத்து மேசையில் ஒரு நாள் பரப்பி வைக்க ஆரம்பித்திருக்கிறேன். உயரமான நாற்காலி நான்கு அங்கே போட்டாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் அந்த மேசையில் பாதிகூட மிஞ்சுவதில்லை.

இன்னொரு பழக்கத்தையும் மாற்றிவிட்டேன். தேதிச் சீட்டு நிரம்பினால் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவது எங்கள் வழக்கம். அப்படி ஒட்டினால் நாற்பது பேர் படித்த புத்தகமும் யாரும் தொடாத மாதிரி ஆகிவிடுகிறது. இப்போது புதுச் சீட்டின் மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி, பழையதன் மேலேயே ஒட்டுகிறேன். தூக்கிப் பார்த்தால் அடியில் பழைய முத்திரைகள் தெரியும்.