மறு: கூடு கட்டாததைக் கூட்டுப்புழு என்பதா?

ஐயா, வணக்கம்.

புழுவுக்கும் பூச்சிக்கும் இடைப்பட்ட பருவமான பியூப்பாவுக்குக் கூட்டுப்புழு என்று இருக்கிற சொல் போதும், புதிது எதற்கு என்று நேற்று எழுதியிருந்தீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பென்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். எங்கள் கிணற்றடி நந்தியாவட்டைதான் என் மனத்தை மாற்றியது.

ஒரு நாள் காலையில் அதன் கிளையொன்று இலையே இல்லாமல் நின்றது. கீழே சீமெந்தில் மிளகு மிளகாகக் கறுத்த எச்சம். நிமிர்ந்து பார்த்தால் நடுவிரல் நீளத்தில் ஒரு பச்சைப் புழு. வாலில் குட்டையான மஞ்சள் கொம்பு, விலாவில் வெள்ளைக் கோடு, அதை ஒட்டிப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். உடம்பில் ஒரு மயிர்கூட இல்லை. ஆனாலும் பக்கத்து வளவு மாமி கண்டவுடன், "மயிர்க்கொட்டி, கிட்டப் போகாதேங்கோ" என்றார். ஈர்க்கால் மெல்லத் தொட்டேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்னுடம்பை உப்ப வைத்தது; இரண்டு நீலக் கண்கள் என்னை முறைத்தன. கண்களல்ல, கண்போன்ற புள்ளிகள். அத்தோடு ஐயம் தீர்ந்தது: டாஃப்னிஸ் நேரீ. 1758இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயசு விவரித்த அந்துப்பூச்சி. அலரியின் தாவரவியல் பெயரான நேரியத்திலிருந்து வந்ததுதான் அந்த 'நேரீ'. அலரி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி மூன்றும் ஒரே குடும்பம். நமக்கு நஞ்சு, அதற்குச் சோறு. (இலை பறித்தால் கையைக் கழுவிவிடுங்கள்.)

வாளியொன்றில் விட்டு, மேலே பழைய நுளம்புவலைத் துண்டைக் கட்டி, நாளும் புது இலை போட்டேன். நாலாம் நாள் தீனியை விட்டது. முதுகு பழுப்பாக இருண்டது. இரவு முழுக்க வாளியைச் சுற்றி ஓடியது. சாகப்போகிறதென்றே நினைத்தேன், அது ஒதுங்க இடம் தேடியிருக்கிறது. சருகு அள்ளிப் போட்டதும் அடியில் புகுந்து, நாலு நூலால் இரண்டு சருகைச் சேர்த்து இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான் அதன் வீடு. பிறகு தோலை உரித்துவிட்டு, வழுவழுவென்ற பழுப்பு நிறத்தில் கையில்லை காலில்லை என்று கிடந்தது.

பேத்தி கேட்டாள்: "கூட்டுப்புழு எண்டால் கூடு எங்கை?"

ஐயா, இதற்கு உங்களிடம் விடை இருக்கிறதா? என்னிடம் இல்லை. கூடும் இல்லை, அது இப்போது புழுவும் இல்லை. ஒரு சொல்லில் இரண்டு பிழை. நுளம்பை எடுங்கள். குடம்பி (புழுப்பருவம்), கூட்டுப்புழு, நிறைவுடலி (வளர்ந்த பூச்சி) என்று பாடமாக்கியிருக்கிறோம். தொட்டித் தண்ணீரில் கரணம் போட்டுக்கொண்டு திரியும் அந்தச் சாமானுக்கு ஏது கூடு? மறுபக்கம் பட்டுப்பூச்சிக்கு மெய்யாகவே கூடு உண்டு. அங்கே நூலாலான கூடு வேறு, உள்ளே கிடப்பது வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் நமக்கொரு சொல் வேண்டும்.

'துயில்புழு' என்று இந்த உரையாடலில் ஒருவர் முன்மொழிந்திருந்தார். அது துயில்வதில்லை. தொட்டால் வாற்புறத்தை வெடுக்கென்று ஆட்டுகிறது. உள்ளே புழுவின் உடல் பெரும்பாலும் கரைந்து, இறக்கையும் நீள்கால்களும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. இன்னொருவர் சொன்ன 'பாவை' எனக்கு மிகவும் பிடித்தது. பியூப்பா என்ற இலத்தீன் சொல்லுக்கும் பொம்மை என்றுதான் பொருள். கண்மணியைப் பாவை என்கிற வழக்கமும் இரண்டு மொழியிலும் உண்டு. ஆனால் 'பட்டுப்பாவை' என்று பாடநூலில் அச்சிட்டால் எந்தப் பிள்ளைக்கும் கூறைச்சேலைதான் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு: பூச்சிமொட்டு. பூமொட்டு விரிந்தால் பூ, பூச்சிமொட்டு விரிந்தால் பூச்சி. கூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். பட்டுக்கூட்டுக்குள் இருப்பதும் பூச்சிமொட்டு, தொட்டியில் நீந்துவது நுளம்புமொட்டு. வெளியே வருவதை அவிழ்தல் எனலாம். 'மொட்டு அவிழ்ந்தது' என்று ஏற்கெனவே சொல்கிறோம்தானே. 'பொரித்தல்' முட்டைக்குரியது, அதை இங்கே இழுக்கக் கூடாது.

பரீட்சையில் பிள்ளைகளுக்குப் புள்ளி போய்விடும் என்கிறீர்கள். சரி, விடைத்தாளில் கூட்டுப்புழு என்றே எழுதட்டும். ஆனால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது அவர் கையாண்ட சொற்களும் ஒருநாள் புதிதாகத்தானே இருந்திருக்கும்? 1847இல் இங்கு வந்திறங்கியவருக்கு இருந்த துணிவு எங்களுக்கு இல்லையா?

நேற்றுப் பின்னேரம் மொட்டு அவிழ்ந்தது. சாய்த்து வைத்திருந்த பூவரசம் சுள்ளியில் ஏறித் தொங்கிற்று. ஏற ஒன்றுமில்லாவிட்டால் இறக்கை சுருங்கியபடியே காய்ந்துபோகும், வளர்ப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். ஈரச்சீலை போலிருந்த இறக்கைகள் மெல்ல மெல்ல விரிந்து, பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பளிங்கில் வரைந்தாற்போல் ஆயின. இருட்டியதும் பறந்துவிட்டது.

விட்டுப்போன வெற்றோட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, பேத்தி அதைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு, "அப்பப்பா, கோதை எறிஞ்சிடாதேங்கோ" என்றாள். 'கோது' என்ற அந்தச் சொல்லைப் பற்றி உங்களுக்கு மறுப்பு இருக்காதென்று நினைக்கிறேன்.