வேலை பாக்கும்போது நல்லா ஓடும், சும்மா விட்டா ஹேங் ஆகும் – ப்ராசஸர் பவர் சேவிங்ல நான் பட்டது, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

செங்கோட்டை டிடிபி:

எனக்கு செங்கோட்டைல டிடிபி கடை. ஆரியங்காவு, தென்மலை பக்கத்துல இருந்தெல்லாம் ஆளு வரும், அதனால தமிழும் மலையாளமும் ஒரே பத்திரிகைல அடிக்கிற சோலிதான் நெறைய. கடை சிஸ்டம் இன்டெல் ஐ5 4570 ப்ராசஸர், நாலு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், டர்போல (வேல கூடுனா தானா ஏறுற வேகம்) 3.6 வரைக்கும் போகும். போர்டும் ப்ராசஸரும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, முன்னமே கடைல கெடந்த பழைய கேபினெட்ல அதோட எஸ்எம்பிஎஸ்ஸையும் (உள்ள கரண்ட் குடுக்குற பவர் சப்ளை பெட்டி) மாத்தாம அப்படியே மாட்டுனது. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பிரச்சினையே இதுலதான்.

எவ்வளவு பெரிய ஃபைல் ஓப்பன் பண்ணாலும், பிரிண்டர் ஒரு மணி நேரம் நிக்காம ஓடுனாலும் ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் டீ குடிச்சிட்டு திரும்பி வந்தா ஸ்கிரீன் உறைஞ்சு நிக்கும், மூலைல இருக்க கடிகாரம் 4.37லயே நிக்கும், ஃபேன் மட்டும் சுத்திட்டே இருக்கும், கீபோர்டுல நம்லாக் (Num Lock) தட்டுனா லைட் மாறாது. ஒரு கல்யாணப் பத்திரிகை, பொண்ணு வீடு புனலூர் பக்கம், மாப்ள வீடு கடையநல்லூர். மலையாளத்துல சில்லெழுத்து (நம்ம புள்ளி வச்ச மெய் மாதிரி வர்றது) ஒண்ணொண்ணா சரி பண்ணி மூணு மணி நேரம் உக்காந்து முடிச்சேன், சேவ் பண்ணாம ஒரு ஃபோன் பேச வெளிய போனேன், அவ்வளவுதான், வந்து பாத்தா எல்லாம் போச்சு. அன்னைக்கு மனசு ரொம்ப விட்டுப்போச்சு.

சர்வீஸ் பாக்குறவர் ரேம் மாத்துனாரு, ரெண்டு தடவ ஃபார்மேட் போட்டாரு. அது சாரல் நேரம் வேற, காத்தடிச்சா எங்க ஏரியாவுல கரண்ட் வந்து வந்து போகும், அதனால எல்லாரும் வோல்டேஜ்தான் காரணம்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். ஒருத்தர் பவர் ஆப்ஷன்ல ஹை பெர்ஃபார்மன்ஸ் போடுங்க சரியாயிரும்னாரு. போட்டேன், மறுநாளே ஹேங்.

அப்புறம் ஒரு நாள் பையன் பின்னால பாட்டு ஓட விட்டுட்டு சாப்பிடப் போயிட்டான். அன்னைக்கு முழுக்க ஹேங் ஆகல. மறுநாளும் பாட்டு போட்டு விட்டேன், ஆகல. அப்பத்தான் பொறி தட்டுச்சு, இது வேல செஞ்சு களைச்சுப் போற மெஷின் இல்ல, தூங்கப் போகும்போது செத்துப் போற மெஷின்.

தேடிப் படிச்சதுல புரிஞ்சது இதுதான். ப்ராசஸர்ல கரண்ட் மிச்சம் பண்றது ரெண்டு வழில நடக்குது, வேகத்தக் குறைக்கிறது ஒண்ணு, தூங்க வைக்கிறது ஒண்ணு. வேகத்தையும் வோல்டேஜையும் சேத்துக் குறைக்கிறதுதான் ஸ்பீட்ஸ்டெப், விண்டோஸ்ல மினிமம் ப்ராசஸர் ஸ்டேட், மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்னு சதவீதத்துல வர்றது இது சம்பந்தப்பட்டது. தூக்கம்ங்கறது சி ஸ்டேட். சி0ன்னா முழிச்சு வேல பாக்குது, சி1, சி3, சி6, சி7ன்னு நம்பர் ஏற ஏற ஆழ்ந்த தூக்கம், சி6க்குப் போனா அந்தக் கோருக்கு வர்ற வோல்டேஜையே கிட்டத்தட்ட நிப்பாட்டிரும். ஹை பெர்ஃபார்மன்ஸ்ல மினிமம் ஸ்டேட் 100 ஆகுமே தவிர தூக்கம் நிக்காது, எனக்கு அது உதவாமப் போனதுக்குக் காரணம் அதுதான்.

2013ல வந்த இந்த நாலாம் ஜெனரேஷன் (ஹாஸ்வெல்னு பேரு, என்னோட 4570 இதுலதான்) சி6, சி7 தூக்கத்துல 12 வோல்ட் லைன்ல 0.05 ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும். அதுக்கு முந்தின எஸ்எம்பிஎஸ் பலதும் குறைஞ்சது 0.5 ஆம்பியராவது ஓடும்ங்கற கணக்குல செஞ்சது. லோடு அவ்வளவு கீழ போனா அதால வோல்டேஜ ஒழுங்கா பிடிச்சு வைக்க முடியல, சில மெஷின் ஆஃப் ஆகும், சிலது என்னோடது மாதிரி உறைஞ்சு நிக்கும்.

பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னால தொறக்குற போர்டு செட்டிங்) போய் சி6, சி7 ரெண்ட மட்டும் டிசேபிள் பண்ணேன். ஸ்பீட்ஸ்டெப், சி1ஈ (லேசான தூக்கம்) ரெண்டும் ஆன்லயே விட்டேன். விண்டோஸ்ல பேலன்ஸ்டு பிளான், மினிமம் 5, மேக்ஸிமம் 100, கூலிங் பாலிசி ஆக்டிவ். ஹேங் அன்னையோட நின்னுச்சு. தயவு செஞ்சு ஒரு நாளைக்கு ஒரு செட்டிங் மட்டும் மாத்துங்க, நாலஞ்ச ஒண்ணா மாத்திட்டா எதுனால சரியாச்சுன்னே தெரியாது.

இன்னொண்ணு. யுபிஎஸ்ல ஓட்டும்போது மேக்ஸிமம் ஸ்டேட்ட 99ன்னு வச்ச தனி பிளான் ஒண்ணு வச்சிருக்கேன். 99 ஆனா டர்போ ஏறாது, 3.2லயே நிக்கும். கடைசி 0.4 கிகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜையும் ஏத்த வேண்டியிருக்கு, வோல்டேஜ் ஏறுனா அதோட வர்க்கத்துக்குத் தக்கன கரண்ட் செலவு ஏறும். டைப் அடிக்கிற வேலைக்கு வித்தியாசமே தெரியாது, சூடு மட்டும் நல்லாவே கம்மியாகுது.

போடி ஏலக்கா ஆபீஸ்:

அண்ணே, எனக்கு நடந்தது தலைகீழ். போடில ஏலக்கா வியாபாரம் பண்ற ஆபீஸ்ல கணக்கு பாக்குறேன். ஏலம் இருக்க நாள்ல லாட் நம்பர், கிலோ, ரேட்டுன்னு எக்செல் ஷீட் நிமிசத்துக்கு நிமிசம் மாறும், எங்க சிஸ்டம் ஒரு செல்லுல இருந்து அடுத்த செல்லுக்குப் போகவே யோசிக்கும். வைரஸ்னாங்க, ஹார்ட் டிஸ்க் போச்சுன்னாங்க, புதுசு வாங்குன்னும் சொன்னாங்க. வண்டன்மேட்டுல இருந்து வந்த ஒரு பையன் டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் டேப்ப தொறந்து காமிச்சான், பேஸ் ஸ்பீடு 3.40ன்னு போட்டுருக்கு, ஆனா சிபியு 100 சதவீதத்துல முட்டிட்டு நிக்கிறப்பவும் ஓடுறது 1.6, 1.7தான், அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. உள்ள போய்ப் பாத்தா மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 50ன்னு கெடக்கு. முன்னாடி இருந்த ஆளு சூடாகுதுன்னு வச்சுட்டுப் போயிருக்காரு. அத 100 ஆக்கி, ஹீட்சிங்க்ல அடைச்சிருந்த தூசியத் தட்டி, புதுசா பேஸ்ட் வச்சோம். சூடும் போச்சு, மெதுவும் போச்சு. ரெண்டு வருசம் நாங்க அந்தப் பாதி வேகத்துலயே கணக்கு எழுதிட்டு இருந்துருக்கோம்ணே, நெனைச்சா இப்பவும் வருத்தமா இருக்கு.

கொழிஞ்சாம்பாறை லினக்ஸ்:

அண்ணா, எனக்கும் உங்க கதையேதானுங்க, ஆனா ஏஎம்டி ரைசன் ப்ராசஸர்ல. 2017ல வந்த முதல் ஜெனரேஷன், லினக்ஸ் போட்டு ராத்திரி பூரா ஓட விட்டிருப்பேன், காலைல பாத்தா உறைஞ்சு கெடக்கும். பயாஸ்ல பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்னு ஒண்ணு இருக்குதுங்க, அத ஆட்டோல இருந்து டிபிகல் கரண்ட் ஐடில்னு மாத்துனதும் சரியாப் போச்சு.

லினக்ஸ்காரங்களுக்கு ஒண்ணு சொல்லோணும். கவர்னர்ல (வேகத்த எப்ப ஏத்தோணும், எப்ப குறைக்கோணும்னு முடிவு பண்றது) பவர்சேவ்னு ஒரே பேருல ரெண்டு குணம் இருக்குதுங்க. புது இன்டெல்ல பிஸ்டேட் டிரைவர் ஓடுச்சுன்னா, பவர்சேவ்ல இருந்தாலும் வேல வந்தா வேகம் ஏறும். பழைய ஏசிபிஐ டிரைவர்ல பவர்சேவ்னா கீழ இருக்கற வேகத்துலயே கட்டிப் போட்டுரும், அங்க கவர்னர ஆன்-டிமாண்டோ ஸ்கெட்யூட்டிலோ வைங்க. இது தெரியாம என்ற சித்தப்பா பையன் மெஷின ரெண்டு மாசம் திட்டிட்டு இருந்தான்.

மிச்சம் பெருசான்னு கேக்கறவங்களுக்கு: 30 வாட் குறைஞ்சு தினம் 10 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 18 யூனிட். கேரளா பக்கம் எங்களுக்கு மாசக் கணக்குல 250 தாண்டிட்டா மொத்த யூனிட்டுக்கும் ஒரே ரேட்டு போடுவாங்க, ஓரத்துல நிக்கற வீட்டுக்கு அந்த 18 ரொம்ப முக்கியமுங்க.

செங்கோட்டை டிடிபி:

போடி தம்பி, அந்த டாஸ்க் மேனேஜர் வழி அருமை, இனிமே யாரு ஸ்லோன்னு வந்தாலும் மொதல்ல அதத்தான் பாப்பேன். கொழிஞ்சாம்பாறை தம்பி சொன்ன 18 யூனிட் கணக்கு சரிதான், எங்க பக்கமும் வீட்டு இணைப்புல ரெண்டு மாசத்துக்கு 500 தாண்டுனா ரேட்டு மாறிரும்.

ஒண்ணு எழுத விட்டுட்டேன். பயாஸ்ல மாத்தி எட்டு மாசம் நல்லா ஓடுன மெஷின் திடீர்னு மறுபடி டீ நேரத்துல உறைஞ்சுது. பாத்தா தேதி தப்பாக் காட்டுது, போர்டுல இருக்க 2032 காசு பேட்டரி தீந்து பயாஸ் பழைய நிலைக்குப் போயிட்டு, சி6, சி7 ரெண்டும் திரும்ப ஆட்டோன்னு நிக்குது. பேட்டரியோட சேத்து எஸ்எம்பிஎஸ்ஸையும் மாத்தினேன், பெட்டிலயே ஹாஸ்வெல் சி6, சி7 தாங்கும்னு போட்டுருந்தத கேட்டு வாங்கினேன். இப்ப தூக்கம் எல்லாத்தையும் ஆன் பண்ணித்தான் வச்சிருக்கேன், இந்த சாரல் முழுக்க ஒரு தடவகூட உறையல. எஸ்எம்பிஎஸ் மாத்த இப்ப வசதிப்படாதவங்க பயாஸ் பக்கத்த ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நான் ஒரு சீட்டுல எழுதி கேபினெட் உள்பக்கம் ஒட்டி வச்சிருந்தேன், பேட்டரி போன அன்னைக்கு அதுதான் கை குடுத்துச்சு.