கார்ப் ஹீட் இழுத்தபின் இன்ஜின் உதறியவர்கள் இருக்கிறீர்களா?

மேல்சிறகு:
கார்ப் ஐஸ், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் காற்றின் ஈரம் உறைந்து வழியை அடைப்பது, எல்லோருக்கும் தெரியும், பாடம் நடத்தப் போவதில்லை. செஸ்னா 172, 160 குதிரைத்திறன், கார்புரேட்டர் இன்ஜின். 3,500 அடி, மேகத்துக்குக் கொஞ்சம் கீழே, வெளியே 14 டிகிரி, காற்றெல்லாம் ஈரம். த்ராட்டில் வைத்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் 2,400-ல் இருந்த ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) சத்தமில்லாமல் 2,250-க்கு வந்திருந்தது. சரி, ஐஸ்தான் என்று, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட் குமிழை முழுதாக இழுத்தேன்.

ஆர்பிஎம் இன்னும் இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான், சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. அடுத்து வந்ததுதான் இன்றுவரை விடமாட்டேன் என்கிறது. இன்ஜின் உதற ஆரம்பித்தது. பேனலில் எண்களைப் படிக்கவே முடியவில்லை. உருகிய ஐஸ் தண்ணீராகி சிலிண்டருக்குள் போகிறது, போகட்டும், குமிழைத் தொடாதே என்று புத்தி சொல்கிறது. கைக்கு அது புரியவில்லை. இழுத்த பிறகுதானே மோசமானது, திரும்பத் தள்ளு என்று குமிழை விட்டு நகராமல் நிற்கிறது. பக்கத்தில் இருந்த மைத்துனன், "அத்தான், இது எப்பவும் வர்ற சத்தமா?" என்று கேட்டான். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஒரே உலுக்கு, சீராகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஹீட்டைத் தள்ளியதும் பழையபடி 2,400.

எவ்வளவு நேரம் உதறியது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது?

கீழ்சிறகு:
இதற்காகத்தான் நான் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் வாங்கினேன். கார்புரேட்டரே இல்லை, ஐஸ் எங்கே பிடிக்கும்?

ஆனால் வெயில் நேரத்தில் பெட்ரோல் போட இறங்கி, இன்ஜின் சூடாக இருக்கும்போதே மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். சிலிண்டருக்கு மேலே ஓடும் மெல்லிய குழாய்களில் பெட்ரோல் கொதித்து ஆவியாகியிருக்கும். ப்ரொப்பெல்லர் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பேட்டரி முனகத் தொடங்கியதும் அடுத்த ஹேங்கரிலிருந்து இரண்டு பேர் நாற்காலியோடு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். உதவிக்கு இல்லை, வேடிக்கை பார்க்க. அந்த நாற்காலிகளை மறக்க முடியவில்லை.

நீலம்100:
கார்ப் ஐஸாவது வந்தபின் சொல்லிவிடும். என் கதையில் இன்ஜினை இன்னும் ஸ்டார்ட் செய்யவே இல்லை.

இரவெல்லாம் மழை, விமானம் வெளியே நின்றது. காலையில் சிறகுக்கு அடியில் வழக்கம்போல டேங்கிலிருந்து சாம்பிள் எடுத்தேன். தண்ணீர் கனமானது, குழாயின் அடியில் தங்கும், மேலே பெட்ரோல் நிற்கும், நடுவில் ஒரு கோடு தெரியும். இப்படித்தானே படித்திருக்கிறோம்? கோடே இல்லை. மேலிருந்து கீழ்வரை பளிங்கு மாதிரி ஒரே தெளிவு. பக்கத்தில் போன ஒருவர், பல வருஷம் பறந்தவர், குழாயைப் பார்த்துவிட்டு "சுத்தமா இருக்கே, கிளம்ப வேண்டியதுதானே" என்றார்.

வெள்ளைச் சிறகுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். 100எல்எல் பெட்ரோல் நீலமாக இருக்க வேண்டும். இதில் நிறமே இல்லை. மோந்து பார்த்தால் வாசனையும் இல்லை. முழுக் குழாயும் தண்ணீர்! டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. எடுத்துக் கொட்டி, எடுத்துக் கொட்டி, கடைசியில்தான் அந்த நீலக் கோடு வந்தது.

தண்ணீர்கூட இல்லை, அந்த "சுத்தமா இருக்கே"தான் இன்னும் உறுத்துகிறது. சொன்னவர் என்னைவிட நல்ல பைலட்.

பழையலாக்புக்:
நீலம்100, கோடு வந்ததும் நிறுத்திவிட்டீர்களா? ரப்பர் பை டேங்காக இருந்தால் மடிப்புகளில் தண்ணீர் ஒளிந்திருக்கும். சிறகை ஆட்டிவிட்டு, வாலைக் கொஞ்சம் கீழே அழுத்திவிட்டு, பொறுத்திருந்து மறுபடி எடுக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டால் படிக்கிறவர்கள் பாதிதான் செய்வார்கள்.

என் அனுபவம் சின்னது. வாங்கலாம் என்று ஒரு விமானத்தைப் பார்க்கப் போனேன். இன்ஜினுக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ, இடது வலது என்று இரண்டு உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் செக்கில் இடது பக்கத்துக்கு மாற்றினால் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கியது, வலது பக்கம் துளிகூட இறங்கவில்லை. விற்பவர் முகமெல்லாம் சிரிப்பு, "பாருங்க, எவ்வளவு நல்ல மேக்னெட்டோ!" இறங்காமல் இருப்பது நல்லதல்ல. ஒன்றை அணைத்தால் கொஞ்சமாவது இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கவில்லை என்றால் அதை அணைக்கும் எர்த் வயர் அறுந்து, அந்த மேக்னெட்டோ அணையாமலே இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாலும் அதற்கு உயிர் இருக்கும், ப்ரொப்பெல்லரை அசைத்தாலே இன்ஜின் பிடித்துக்கொள்ளலாம். இன்ஜினை நிறுத்தி இறங்கினால், மனிதர் ப்ரொப்பெல்லரில் கை ஊன்றிக்கொண்டு விலை பேசுகிறார். "கையை எடுங்க சார்" என்று கத்தினேன். கோபித்துக்கொண்டார்.

விமானம் வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம். "20 வருஷத்தில் குறைவாகத்தான் பறந்தது" என்று விளம்பரம் பார்த்தால் மயங்காதீர்கள். லைகமிங் இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கிராங்க்ஷாஃப்டுக்கு (ப்ரொப்பெல்லரைச் சுற்றும் தண்டு) மேலே இருக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் எண்ணெய் முழுக்க கீழே வடிந்து, கேம் வெறுமையாகத் துரு பிடிக்கும். மறுபடி ஓட்டும்போது அந்தத் துரு கேமையே தின்றுவிடும். ஓவர்ஹால் (இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) வரை 2,000 மணி நேரம் என்று கம்பெனி சொல்வது தவறாமல் பறக்கும் இன்ஜினுக்கு. ஹேங்கர் வாசலில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து நிறுத்துவது உதவாது, எண்ணெய் சூடாகாமல் உள்ளே ஈரம்தான் சேரும். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளில் இரும்புத் தூள் மின்னுகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு சிலிண்டரைக் கழற்றி கேமைப் பார்க்கச் சொல்லுங்கள், விற்பவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். விற்பவரின் மெக்கானிக்கை நம்பாமல் உங்கள் ஆளைக் கூட்டிப் போங்கள். நிறுத்துமிட வாடகை, இன்ஷூரன்ஸ், வருடாந்திரச் சோதனை எல்லாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்குவது உத்தமம், செலவும் பிரியும், இன்ஜினும் நிற்காமல் ஓடும். கூட்டாளிகளை மட்டும்...

மேல்சிறகு:
சார், நான் எத்தனை நேரம் உதறும் என்றுதான் கேட்டேன். விமானம் ஏற்கெனவே வாங்கித் தொலைத்துவிட்டேன்.

ஒற்றைக்கதவு:
ஐஸ் இல்லை, ஆனால் கைகள் பற்றியதுதான், எழுதுகிறேன். வலது பக்கம் மட்டும் கதவு உள்ள கீழ்ச்சிறகு விமானம். டேக்காஃப் ஆகி 400 அடியில் படார் என்று கதவு திறந்துகொண்டது. ஒரு விரற்கடைதான், காற்றே அதற்கு மேல் திறக்க விடாது. விமானம் ஒழுங்காகப் பறக்கிறது. ஆனால் அந்த இரைச்சலில் டவர் பேசுவது ஒரு வார்த்தை கேட்கவில்லை. நண்பர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க, ஒன்றும் ஆகாது" என்று கத்துகிறேன், அவருக்கும் கேட்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, இன்ஜினை நிறுத்திய பிறகும் பிடியை விடவில்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்தேன். அதற்கப்புறம் அவர் என்னோடு ஏறவே இல்லை.

கீழ்சிறகு:
இறங்கவே வேண்டாமே? வேகத்தைக் குறைத்து, சின்ன ஜன்னலைத் திறந்து, விமானத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் சறுக்கவிட்டு இழுத்தால் சாத்திவிடலாம்.

ஒற்றைக்கதவு:
400 அடியில் வேகத்தைக் குறைத்து, சறுக்கவிட்டு, வலப்பக்கம் எட்டி இழுக்கவா? ஸ்டாலில் (சிறகு தூக்கும் சக்தியை இழப்பதில்) போய் முடிய இதைவிட நல்ல வழி கிடையாது. உயரம் இருந்தால் நீங்கள் செய்யுங்கள். திறந்த கதவோடு இறங்கலாம்.

வால்சக்கரம்:
மேல்சிறகு கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு நடந்தது இறங்கும்போது. த்ராட்டில் குறைவாக இருக்கும் நேரம்தான் மோசம், காற்றே ப்ரொப்பெல்லரைச் சுற்றுவதால் இன்ஜின் சோர்வது காதில் விழாது. இறக்கத்தின் நடுவில் பவர் கொடுத்தேன், வரவில்லை. ஹீட் இழுத்ததும் நீங்கள் சொன்ன அதே உதறல், அதே கை. நானாகச் சொன்னால் அரை நிமிஷம் என்பேன். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் 10 வினாடிகூட இல்லை என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே விமானத்தில்தான் இருந்தோம்.

ஒரு சந்தேகம். முழுதாக இழுத்தீர்களா, பாதியா? கார்ப் வெப்பமானி இல்லாமல் பாதி இழுத்தால், உறையாமல் இருந்த காற்றையும் சரியாக உறையும் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடும் வாய்ப்பு உண்டு.

மேல்சிறகு:
முழுதாகத்தான். வெப்பமானி இல்லை, மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன். அந்த 10 வினாடியை மைத்துனனிடம் சொன்னேன், நம்ப மறுக்கிறான். அவன் கணக்கில் ஐந்து நிமிஷமாம்.