ஆட்டை நிறுத்தியதால் பூ போச்சாம்!

மலைக்காற்று: உத்தராகண்ட் மலர்ப் பள்ளத்தாக்கைப் பற்றி நேற்று ஒருவர் அடித்துவிட்டதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1982ல் தேசியப் பூங்கா ஆக்கி மேய்ச்சலை நிறுத்தினார்களாம், அதனால்தான் பாலிகோனம் என்கிற களைச்செடி மண்டிப் பூவெல்லாம் போச்சாம். ஐயா, ஆடு பூவைத் தின்னாதா?

கிடைக்காரன்: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஆடு பூவையும் தின்னும், பாலிகோனத்தின் தளிரையும் கடிக்கும். கடிக்க ஆளில்லாமல் ஆளுயரம் வளர்ந்து, கீழே இருக்கும் குட்டைச் செடிகளுக்கு வெயிலே படாமல் செய்கிறது. வனத்துறை வருஷாவருஷம் ஆள் விட்டுப் பிடுங்குவது பொழுது போகாமலா?

மலைக்காற்று: பிடுங்கட்டும். மண்ணுக்குள் ஓடும் தண்டில் ஒரு துண்டு விட்டுப்போனாலும் திரும்ப முளைக்கும், அது தெரியுமா உங்களுக்கு? அது இமயமலைச் செடியேதான், வெளியூரிலிருந்து வந்ததில்லை. பனிச்சரிவில் புரண்ட மண், கிடை போட்டு எரு ஏறிய மண், அங்கேதான் முதலில் பிடிக்கும். அப்படியானால் யார் விட்டுப்போன சொத்து அது? ஆடு பூவைத் தின்னாதா என்று கேட்டேன், "பூவையும்" என்று நைசாக நழுவிவிட்டீர்கள்.

தேன்சிட்டு: செப்டம்பர் கடைசியில் போனேன், அடிவாரத்துக் காங்கரியா ஊரிலிருந்து மூச்சுவாங்க நடந்ததுதான் மிச்சம். நீலப் பாப்பி ஒன்றுகூட இல்லை. கிடைக்காரன் சொல்வது சரி.

மலைக்காற்று: ஜூலை, ஆகஸ்டில் பூப்பதை செப்டம்பர் கடைசியில் தேடினால்? ஐப்பசியில் மாமரத்தை அண்ணாந்து பார்த்த கதை. இவர் சாட்சி வேறு!

தேன்சிட்டு: போகாமலே பேசுகிறவரைவிட நான் மேல்.

மலைக்காற்று: இரண்டு தடவை போயிருக்கிறேன். 1931ல் ஆங்கிலேய மலையேறி ஃபிராங்க் ஸ்மைத் காமெட் சிகரம் ஏறித் திரும்பும்போது கண்டுபிடித்த இடம் அது, உங்கள் செல்ஃபிக்காக அல்ல.

கிடைக்காரன்: கண்டுபிடித்தாரா? அதுவரை அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு போனவர்களுக்குக் கண் இல்லையா? பெயர் வைத்தார் என்று சொல்லுங்கள். அப்புறம், அவர் வாய்பிளந்து பார்த்த பூ, மேய்ச்சல் இருந்த காலத்துப் பூ.

மலைக்காற்று: பேச்சை மாற்றாதீர்கள். பூங்காவின் 87.5 சதுர கிலோமீட்டரில் பெரும்பகுதி பனியும் பாறையும். பூ இருப்பது கொஞ்சூண்டு இடம். அதில் மந்தையை விடச் சொல்கிறீர்கள். போன மாசம் புல்வெளித் தீ விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

கிடைக்காரன்: அந்தப் பாக்கி இன்னும் மனதில் இருக்கிறதா? மந்தையை விடச் சொல்லவே இல்லை, அளவாக என்றேன். மேலே போய்ப் படியுங்கள்.

மலைக்காற்று: படித்தேன். "அளவாக" என்ற சொல்லே அதில் இல்லை. ஆடு பூவைத் தின்னாதா?